எடை குறைக்கும் ஊசி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியதாக இருந்ததால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எடை குறைக்கும் ஊசிகளான மௌஞ்சாரோவும் (இதில் உள்ள மருந்து டிர்செபடைட்) வெகோவியும் முறையே 2025 மார்ச்சிலும் ஜூனிலும் இந்திய மருந்துக் கடைகளுக்கு வந்தன. வெகோவி, ஓசெம்பிக் ஆகியவற்றில் உள்ள செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிந்ததால், மற்ற நிறுவனங்களின் தயாரிப்புகளுக்கும் வழி திறந்துவிட்டது. கடிதங்களைப் படித்தபோது ஒன்று உறுத்தியது. பாதிப் பேர் "இது வீட்டில் யாருக்கும் தெரியாது" என்றோ, "வேறு டாக்டரிடம் சொல்லவில்லை" என்றோ எழுதியிருக்கிறார்கள். மருந்தின் பக்கவிளைவுகளில் எத்தனை இந்த மௌனத்தால் பெரிதாகின்றன என்பதைக் கீழே உள்ள பதில்களில் பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 47, எடை 88 கிலோ. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. உள்ளூர் மருத்துவர் எழுதித் தந்த மெட்ஃபார்மின், கிளைமிபிரைடு மாத்திரைகளைச் சாப்பிட்டு வருகிறேன். நகரத்தில் வேறொரு மருத்துவர் ஆறு வாரங்களுக்கு முன் செமாகுளுடைட் ஊசியைத் தொடங்கினார். நான்கு வாரம் 0.25 மி.கி., இப்போது 0.5 மி.கி. அளவைக் கூட்டியதிலிருந்து குமட்டல் தாங்க முடியவில்லை. காலையில் அரை இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. போன வாரம் ஒரு நாள் பதினொரு மணிக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. என் கணவர் இது விஷம், நிறுத்து என்கிறார். என்ன செய்வது?
வாசகி, திருச்சி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு தொல்லைகள் உள்ளன. நீங்கள் பெரிதாக நினைக்கும் குமட்டல் சிறியது. போகிற போக்கில் எழுதிய நடுக்கமும் வியர்வையும்தான் அவசரமானவை. எனவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

செமாகுளுடைட் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. ஏனெனில் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கும்போது மட்டுமே அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. கிளைமிபிரைடு அப்படியல்ல, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பாராமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். மூன்று இட்லி சாப்பிட்ட காலத்தில் எழுதிய மாத்திரையை அரை இட்லி சாப்பிடும் காலத்திலும் அதே அளவில் விழுங்கினால், பதினொரு மணிக்குக் கை நடுங்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிறகு இரு மருத்துவர்களிடமும் பேசி, கிளைமிபிரைடு அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டுமா என்று இன்றே கேளுங்கள். ஊசி எழுதியவருக்கு மாத்திரை தெரியாமலும், மாத்திரை எழுதியவருக்கு ஊசி தெரியாமலும் போயிருக்கலாம் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் படுகிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இனி குமட்டல். உணவு உள்ளே போனதும் நம் குடல் ஜி.எல்.பி.-1 என்னும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது மூளைக்குப் "போதும்" என்று சொல்கிறது. இரைப்பை காலியாகும் வேகத்தையும் குறைக்கிறது. இயற்கையாகச் சுரப்பது ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அதன் சாயலில் செய்யப்பட்ட செமாகுளுடைடோ, பாதியளவு குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். பசி அடங்குவதும் வயிறு மந்தமாவதும் ஒரே வேலையின் இரண்டு முகங்கள் என்பதால், ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. 2021-இல் வெளியான, 1,961 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், 2.4 மி.கி. செமாகுளுடைட் போட்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்குக் குமட்டல், 31 பேருக்கு வயிற்றுப்போக்கு, 25 பேருக்கு வாந்தி, 23 பேருக்கு மலச்சிக்கல் இருந்தன. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களிலும் 17 பேருக்குக் குமட்டல் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் வயிற்றுத் தொல்லைக்காக ஊசியைக் கைவிட்டவர்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர் மட்டுமே. பெரும்பாலோருக்கு அளவு கூடும் வாரங்களில் தலைதூக்கிப் பிறகு தணிந்தது.

இதனால்தான் அளவை நான்கு வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றுகிறோம். ஒரு படி ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னும் சில வாரம் அதிலேயே நிற்கலாம், அல்லது முந்தைய படிக்கு இறங்கலாம்; மேலே போயே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக உண்ணுங்கள். நிறைந்தது என்று தோன்றியவுடன் கையைக் கழுவிவிடுங்கள். நம் வீடுகளில் "இன்னும் ஒரு கரண்டி" என்ற உபசரிப்புக்கு மறுப்பே கிடையாது. நான் பார்த்த வாந்திகளில் பல, விருந்து வீட்டில் அந்தக் கடைசிக் கரண்டியால் வந்தவைதான். இரவு நேரப் பரோட்டா, பிரியாணி, எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றை அளவு கூட்டிய வாரத்திலாவது தவிர்த்துவிடுங்கள்.

நாள் முழுக்க வாந்தியெடுத்து, தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் அடுத்த ஊசிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீர்ச்சத்து வற்றினால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். ஏற்கெனவே சிறுநீரக பாதிப்பு உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் இரத்தக் கொதிப்புக்காரர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. இதய நோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத, எடை கூடிய 17,604 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இந்த மருந்து மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் 20 சதவீதம் குறைத்தது. விஷம் என்று ஒதுக்கக்கூடிய மருந்து அல்ல இது. கண்காணிப்பு இல்லாமல் போட்டுக்கொள்ளக்கூடியதும் அல்ல.

கேள்வி: ஊசி தொடங்கி ஐந்து மாதத்தில் 14 கிலோ குறைந்தேன், மகிழ்ச்சிதான். ஆனால் மூன்று வாரமாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வலப்பக்க மேல்வயிற்றில் வலி வந்து ஓரிரு மணி நேரம் நிற்கிறது. கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடித்து வருகிறேன். சரியா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஓமத் தண்ணீரால் தீங்கில்லை. அதை நம்பி மூன்று வாரத்தைக் கடத்தியதுதான் தவறு. நீங்கள் விவரிக்கும் வலி பித்தப்பைக் கல்லின் வலியைப் போல இருக்கிறது. வேகமாக எடை குறையும் எவருக்கும், அறுவை சிகிச்சையால் குறைந்தாலும் பட்டினியால் குறைந்தாலும், பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடும். கொழுப்பு கரைந்து பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகுவதும், குறைவாகச் சாப்பிடுவதால் பித்தப்பை சரியாகச் சுருங்காமல் தேங்குவதும் இதற்குக் காரணங்கள். மேலே சொன்ன 2021 ஆய்வில் பித்தப்பைத் தொல்லைகள் மருந்து எடுத்தவர்களில் 2.6 சதவீதம், மற்றவர்களில் 1.2 சதவீதம். இந்த வாரமே வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள். காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ சேர்ந்தால் வாரக் கணக்கே வேண்டாம், அன்றே போங்கள்.

இந்த ஊசியில் கவனிக்க வேண்டிய இன்னொரு சிக்கல் கணைய அழற்சி, அதாவது கணைய வீக்கம். அதன் வலி வேறு விதமானது. நடு மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும், விட்டு விட்டு வராமல் தொடர்ந்து நிற்கும், மல்லாந்து படுக்க முடியாது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றே தணியும், வாந்தி நிற்காது. இது அரிதாகவே வரும், வந்தால் உயிருக்கே உலை வைக்கும். ஊசியை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். கணைய அழற்சிதான் என்று உறுதியானால் மறுபடி தொடங்கக் கூடாது. முன்பே ஒரு முறை கணைய அழற்சி வந்தவர்களும், டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு மிக அதிகம் உள்ளவர்களும், மது அருந்துபவர்களும் ஊசியைத் தொடங்கும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். "எப்போதாவது, விசேஷங்களில்" என்று சொல்பவர்களின் வீட்டில் மாதத்துக்கு எத்தனை விசேஷம் என்று கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு.

கேள்வி: எனக்குத் தைராய்டு உள்ளது, பத்து ஆண்டுகளாகத் தைராக்ஸின் மாத்திரை எடுக்கிறேன். தைராய்டு இருந்தால் இந்த ஊசியைப் போடவே கூடாது, புற்றுநோய் வரும் என்று தோழி சொல்கிறாள்.
வாசகி, வேலூர்

பதில்: உங்களுக்கு இருப்பது தைராய்டு சுரப்புக் குறைவு. ஊசியின் எச்சரிக்கைச் சீட்டில் எழுதியிருப்பது அதுவல்ல. எலிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்தபோது தைராய்டின் சி செல்களில் கட்டிகள் தோன்றின. மனிதர்களில் அப்படி நிகழ்வதாக நிறுவப்படவில்லை. ஆயினும் முன்னெச்சரிக்கையாக, தமக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ மெடுல்லரி என்னும் அரிய வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களும், பல நாளமில்லாச் சுரப்பிகளில் கட்டி வரும் ஒரு பரம்பரை நோய் உள்ளவர்களும் இதைப் போடக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். தைராக்ஸின் சாப்பிடுவது தடையல்ல. எடை கணிசமாகக் குறைந்தால் தைராக்ஸின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதால், சில மாதங்களுக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 66 வயது. குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறது. மூன்று மாதமாக அவர் டிர்செபடைட் போட்டு வருகிறார். சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள், எனவே மருத்துவமனையில் சொல்லாதே என்கிறார். சொல்லாவிட்டால் ஆபத்தா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: ஆபத்துதான். இந்த இதழில் ஒரு பதிலைத்தான் படிக்க நேரமுண்டு என்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

மயக்க மருந்து கொடுக்கும் முன் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வது, இரைப்பை காலியாகிவிடும் என்ற கணக்கில்தான். இந்த ஊசிகள் இரைப்பையை மந்தமாக்குவதால், முந்தைய நாள் உண்டது மறுநாள் காலையிலும் தங்கியிருக்கக்கூடும். நினைவு தப்பியிருக்கையில் அது எதுக்களித்து மேலே வந்தால், தடுக்க இருமலும் இராது, விழுங்கலும் இராது. நேரே நுரையீரலுக்குள் இறங்கும். அது நிமோனியாவில் முடியலாம், மரணத்திலும் முடியலாம். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2023 ஜூனில், வாராந்தர ஊசியை அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது. 2024 அக்டோபரில் வேறு சங்கங்களோடு சேர்ந்து அதைத் திருத்தி, பெரும்பாலோர் தொடரலாம், ஆனால் குமட்டல், வயிற்று உப்புசம் உள்ளவர்களையும் அளவு கூட்டும் கட்டத்தில் இருப்பவர்களையும் தனியே எடைபோட வேண்டும் என்றது. தேவையானவர்களுக்கு முந்தைய நாள் முழுக்கத் திரவ உணவு மட்டும் கொடுப்பது, மயக்கம் கொடுக்கும் முன் இரைப்பையை ஸ்கேன் செய்து பார்ப்பது என்று வழிகள் உள்ளன. 2024 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் இந்த எச்சரிக்கையை மருந்துச் சீட்டில் சேர்க்கச் செய்தது.

ஆகவே சொன்னால் அறுவை சிகிச்சை கட்டாயம் தள்ளிப்போகும் என்பதில்லை. கடைசி ஊசி எந்தத் தேதியில், என்ன அளவில் போட்டார், வயிறு எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மயக்க மருந்து நிபுணரின் கையிலேயே கொடுங்கள். எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி, முழு மயக்கத்தில் செய்யும் பல் அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கும் இதையே செய்ய வேண்டும். தந்தை கோபித்தால் பரவாயில்லை.

கேள்வி: என் மகளுக்கு 26 வயது, உயரம் 163 செ.மீ., எடை 64 கிலோ. மூன்று மாதத்தில் திருமணம். உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர் சிறு புட்டியில் மருந்தும் இன்சுலின் சிரிஞ்சும் கொடுத்து, வாரம் பத்து யூனிட் போட்டால் எட்டு கிலோ குறையும் என்கிறாராம். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிய வேண்டாம் என்று மறைவாக வாங்கி வைத்திருக்கிறாள்.
வாசகி, சென்னை

பதில்: அந்தப் புட்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள், அம்மா.

உங்கள் மகளின் உடல் நிறை குறியீட்டெண் 24. ஆசிய உடலமைப்புக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று இந்தியாவில் கணக்கிடுகிறோம். அந்தக் கணக்கிலும் அவள் பருமனானவள் அல்ல. எடைக்கான ஊசிகள் சோதிக்கப்பட்டது 30-க்கு மேற்பட்டவர்களிடமும், 27-க்கு மேல் இருந்து இரத்தக் கொதிப்பு போன்ற உபாதையும் உள்ளவர்களிடமும்தான். நோயாளிக்கு ஒரு பக்கவிளைவைத் தாங்கிக்கொள்ளக் காரணம் இருக்கிறது. உங்கள் மகளுக்கு என்ன காரணம் இருக்கிறது?

அடுத்து, புட்டியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் போலி ஓசெம்பிக் போட்டுக்கொண்ட சிலர் சர்க்கரை தாழ்ந்து, வலிப்பு கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்; ஊசிப் பேனாவுக்குள் இன்சுலின் இருந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு அதிகாரிகள் கருதினர். பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலிகள் பிடிபட்டதை அடுத்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. மருந்து அசலாகவே இருந்தாலும் "பத்து யூனிட்" என்பது அளவே அல்ல. யூனிட் என்பது இன்சுலின் சிரிஞ்சின் கோடு. அதில் எத்தனை மி.கி. வரும் என்பது கரைசலின் அடர்த்தியைப் பொறுத்தது. அமெரிக்காவில் இப்படிப் புட்டியிலிருந்து தாமே அளந்து எடுத்தவர்களில் சிலர், குறிக்கப்பட்டதைப் போல் ஐந்து முதல் இருபது மடங்கு வரை போட்டுக்கொண்டு ஓயாத வாந்தியோடு வந்ததாக 2024 ஜூலையில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது. ஒரு முறை ஏறிவிட்டால் திரும்ப எடுக்க முடியாத, வாரக்கணக்கில் உடலில் தங்கும் மருந்து இது.

திருமணம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். கருவுற நினைப்பவர்கள் செமாகுளுடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட், கருத்தடை மாத்திரை உடலில் சேர்வதைக் குறைப்பதால், தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை அளவு கூட்டும்போதும் நான்கு வாரத்துக்கு ஆணுறை போன்ற வேறு முறை தேவை. நீர்க்கட்டிப் பிரச்சினையால் மாதவிலக்கு தவறிக்கொண்டிருந்த பெண்களுக்கு எடை குறைந்ததும் சினைமுட்டை வெளியேறத் தொடங்கி, எதிர்பாராமல் கரு நிற்பதும் உண்டு. மாப்பிள்ளை வீட்டாருக்கு மறைக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் மறைக்க முடியாது. வேகமாக எடை குறைந்தால் முடி கொட்டும் என்பதையும் மகளிடம் சொல்லிப் பாருங்கள். நான் எழுதிய மற்ற எல்லாவற்றையும்விட அது அவள் காதில் விழலாம்.

கேள்வி: இந்த ஊசியால் கண் போய்விடும் என்று பேசிக்கொள்கிறார்களே?
வாசகர், சேலம்

பதில்: இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து பேசப்படுகின்றன. பார்வை நரம்புக்கு இரத்தம் தடைபட்டு, ஒரு கண்ணில் வலியில்லாமல் திடீரெனப் பார்வை மங்கும் நோய் ஒன்று உண்டு. பலர் காலையில் கண் விழிக்கும்போதுதான் இதை உணர்கிறார்கள். செமாகுளுடைட் எடுப்பவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் வரை இது வரக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு 2025 ஜூனில் முடிவு செய்தது. மிக அரிதுதான், ஆனால் அப்படி மங்கினால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றது, சர்க்கரை நோயாளிகளின் விழித்திரை பாதிப்பு. நீண்ட நாள் கட்டுக்கடங்காமல் இருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே உள்ள விழித்திரை பாதிப்பு சில காலம் மோசமாகலாம். தீவிர இன்சுலின் சிகிச்சையிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் செமாகுளுடைட் குழுவில் 3 சதவீதமும் மற்றக் குழுவில் 1.8 சதவீதமும் இவ்விதச் சிக்கல் கண்டார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதல் ஊசிக்கு முன்பே கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எனக்கு 68 வயது. எட்டு மாத ஊசியில் 15 கிலோ குறைந்துவிட்டது. மூட்டு வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் தரையிலிருந்து எழ முடியவில்லை, தொடைகள் தொளதொளத்துவிட்டன. இதை எத்தனை நாள் போட வேண்டும்? நிறுத்தினால் என்ன ஆகும்?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது. நான் மேலே சொன்ன 2021 ஆய்வில் 140 பேருக்கு உடற்கூற்று ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், குறைந்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத பகுதி. அதில் தசை மட்டுமின்றி நீரும் அடங்கும் என்றாலும், முப்பது வயதில் பொருட்படுத்தத் தேவையற்ற இழப்பு உங்கள் வயதில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியும் அளவுக்குக் கொண்டுபோகலாம்.

பசியே எடுக்காததால் நீங்கள் இரண்டு வாய் ரசம் சாதத்தோடு முடித்துக்கொள்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சிறுநீரகம் நன்றாக இருந்தால், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் நாள்தோறும் புரதம் தேவை. தட்டில் முதலில் முட்டை, மீன், சுண்டல், பனீர், தயிர் என்று எது உங்களுக்கு ஆகுமோ அதைச் சாப்பிட்டுவிட்டு, இடமிருந்தால் சோற்றுக்கு வாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பதைப் பத்துப் பத்து முறையாகத் தினமும் பழகுங்கள். முதலில் யாராவது அருகில் நிற்கட்டும். இந்த அளவு தொடர வேண்டுமா, குறைக்கலாமா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் வயதில் இன்னும் குறைய வேண்டும் என்ற அவசரம் இல்லை.

நிறுத்தினால் பசி திரும்பும். அந்த ஆய்வில் பங்கேற்ற சிலரை மருந்து நிறுத்திய பின் ஓராண்டு கவனித்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டிருந்தது. இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் போல நீண்ட காலத்துக்கான மருந்து இது என்பதைத் தொடங்கும் நாளிலேயே யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். திரும்ப ஏறுவது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறும் என்பதால், தசையை மீட்காமல் திடீரென நிறுத்துவதை நான் விரும்பவில்லை.

ஒருவேளை நிறுத்திச் சில வாரம் இடைவெளி விட்டு, பிறகு மறுபடி தொடங்க நேர்ந்தால், குளிர்பெட்டியில் மிச்சமிருக்கும் பழைய பேனாவைக் கடைசியாகப் போட்ட அளவிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். அதற்குள் வயிறு பழக்கம் விட்டுப்போயிருக்கும். மருத்துவரைக் கேட்டு, பெரும்பாலும் முதல் படியிலிருந்தே ஏற வேண்டியிருக்கும். மின்வெட்டில் பேனா எத்தனை நாள் வெளியே கிடந்தது என்ற கணக்கும் அவருக்குத் தேவைப்படும்.